காகம் எடுத்து வந்த பெண்கள்

கணபதி,
கோயம்புத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் திரு. ஆறுச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை மோகனப்பிரியாவின் வீட்டுக்காரன் தனபால் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் தங்கை நலம். மாடி வீட்டுக்காரர்கள் நலம். சத்தியமங்கலத்தில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும், ஆற்றோரத்து வாழைத் தோட்டமும் நலமாக இருக்க நம் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். என்னுடைய நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நேற்றுத் தாங்கள் போன் செய்து, நலம்கூட விசாரிக்காமல், "ஏனுங் மாப்ள, நோட்டீச அச்சுக்கு முன்னால படிச்சுப் பாத்தீங்களா, பாக்கலீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் யோசிப்பதற்குள் வைத்தும்விட்டீர்கள். மச்சான், அது ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. பம்புசெட் கம்பெனி ஆபீசில் அத்தனை வருஷம் சூப்பரின்டெண்டாக இருந்து சுற்றறிக்கை எழுதியவன் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு பின்னணி உண்டு. அதை முதலில் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்த்திகை மாதம் தங்கள் வீட்டில் மலர்க் குழு கூடியது ஞாபகம் இருக்கும். கோயிலின் நூறாவது திருவிழா, அதற்கு ஒரு மலர் போட வேண்டும் என்று பேச்சு. பழைய மலர்கள், திருவிழா நோட்டீசுகள், பெரியவர்கள் தட்டச்சு செய்து வைத்த கோயில் வரலாறு என்று எல்லாவற்றையும் யாரோ ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் அவை அத்தனையும் படங்கள். படமாக இருக்கிற பக்கத்தில் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. அதையெல்லாம் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றினால்தான் மலருக்கு ஆகும் என்று தாங்கள் சொன்னவுடன் கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான், அந்தப் பார்வைக்காகத்தான் நான் பஸ் மாறிப் பஸ் ஏறிச் சத்திக்கு வருவதே. உங்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையிலிருந்து புதுமனை புகுவிழா அழைப்பு வரைக்கும் வாசகம் எழுதிக் கொடுத்தவன் யார்? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடுங்க மச்சான், நான் உக்காந்து டைப் அடிச்சுப்போடறன். ஆடி பொறந்தா முடிஞ்சுரும்" என்றேன். திருவிழா பங்குனியில் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதற்கு முன்னால், மூலையில் உட்கார்ந்திருந்த உங்கள் கடைசித் தங்கையின் வீட்டுக்காரர், என்னுடைய சகலை, ஈரோட்டு மஞ்சள் மண்டி மயில்சாமி வாயைத் திறந்தார்.

"அண்ணா, எதுக்குங்க சிரமம்? பிரவுசர்லயே ஒரு வெப்சைட் இருக்குதுங்க. அத்தன பக்கத்தையும் ஒட்டுக்கா இழுத்து உட்டா ஒட்டுக்கா வேர்டு ஃபைலா வந்துருமுங்க. பொறவு வேணுங்கறதத் திருத்திக்கலாமுங்க."

அப்போது அக்கா சுடச்சுட வெல்லக் கச்சாயப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். மச்சான், தட்டுக் காலியாவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நூறு வருஷத்துத் திருவிழாவும் அவருடைய மடிக்கணினியில் வரிசையாக வந்து நின்றது. எல்லோரும் கச்சாயக் கையோடு எழுந்து போய் எட்டிப் பார்த்தார்கள். தாங்களும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "நம்ம சின்ன மாப்ள பெரிய ஆளுங்கோ!" என்று அவர் முதுகில் தட்டினீர்கள். அதுவரைக்கும் அந்த வீட்டில் பெரிய மாப்பிள்ளை என்றால் நான். ஒரு கச்சாயம் வேகிற நேரத்தில் அந்தப் பதவி ஈரோட்டுக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து, "அண்ணா, மிசினு மாத்தறதுல அங்கங்க எழுத்து மாறியிருக்குமுங்க. நீங்க ஒருவாட்டி கண்ணுல பாத்துக் குடுத்துருங்க" என்றார். தாங்களே சொல்லுங்கள். முழு வேலையையும் பிடுங்கிக்கொண்டு, மிச்சம் மீதியைப் பொறுக்க என்னைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பொதுவாகத் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலில்தான் இத்தனை வினையும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் தங்கை, புளியம்பட்டி தாண்டியும் மயில்சாமியைத் தாண்டவில்லை. "மயிலுத் தம்பிக்கு எத்தன வெசையா கை ஓடுது பாத்தீங்களா? ஒரு பெருமையாச்சும் இருக்குதுங்களா அவருக்கு?" பெருமை இல்லாததைக்கூட ஒரு பெருமையாகச் சொன்னால் நான் என்னதான் செய்வது? வீட்டுக்கு வந்த மறுநாளே ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, தையல் வகுப்பில் கொடுத்த பாடத் தாள் என்று ஒரு கட்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் எழுத்தாகத் திரும்பி வந்தது. பக்கத்து அறையில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, அவர் பெற்ற ஞானத்தை நானும் பெறுவோம் என்று, மாதிரிக்கு வாங்கி வந்திருந்த சில ஸ்கேன் பக்கங்களோடு பையனுடைய பழைய மடிக்கணினியைத் திறந்தேன். பிரவுசரில் தேடினால் ஒன்றா இரண்டா, அத்தனை வெப்சைட்டும் என் பக்கத்தைத்தான் மாற்றித் தருவேன் என்று கூப்பிடுகின்றன. ஒன்றில் பச்சையாக ஒரு பெரிய பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அது விளம்பரமாம். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு மாதத்தில் பாதி நாள் கார் பரிசு விழுந்ததாகச் சொல்கிறது. இன்னொன்றில் "எல்லாவற்றையும் தேர்ந்தெடு" என்று இருந்ததைத் தட்டினேன். எல்லாவற்றையும் என்றால் மலர்ப் பக்கங்களை என்று நினைத்தேன். அது அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த குடும்பப் போட்டோக்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் எழுத்தாக மாற்றிவிட்டது. எங்கள் கல்யாணப் போட்டோவில் உங்கள் தங்கையின் பட்டுப்புடவைக் கரை முழுக்க ஒற்றைக் கோடுகளாக வந்திருந்தது. நான் நிற்க வேண்டிய இடம் வெறுமை. மீசை இருந்த இடத்தில் மட்டும் ஒரு நெளிகோடு. ஆனால் அடுத்த பக்கத்தைப் பாருங்கள், மச்சான். மயில்சாமி தன் கடை வாசலில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. தலைக்கு மேலே போர்டு இருக்கிறது அல்லவா? "மயில்சாமி அண்டு கோ, மஞ்சள் மண்டி, ஈரோடு" என்று ஒரு புள்ளி பிசகாமல் வந்திருந்தது. மிஷினுக்குக்கூட அவரைத்தான் அடையாளம் தெரிகிறது.

மலர்ப் பக்கங்களோ எண்ணும் குறியுமாக, யாரோ கோபத்தில் திட்டியதுபோல வந்தன. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உக்கடத்துக்குப் போனேன். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரசாக் எனக்கு நெடுநாள் பழக்கம். பார்த்தவுடன் சிரித்தார். "ஏனுங்ணா, மொழி இங்கிலீசுல இருக்குதுங்க. தமிழ எழுதிப்போட்டு இங்கிலீசுல படிடான்னா அது என்னங்க பண்ணும்?" என்று மொழியை மாற்றிவிட்டார். பக்கங்கள் தமிழில் வர ஆரம்பித்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது. இனி ரசாக்கைக் குருவாக வைத்துக்கொண்டு மயில்சாமியை ஒரு கை பார்க்கலாம் என்று, "உங்களுக்கு யாருங்க இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன்.

"ஈரோட்டுல மயில்சாமி அண்ணன்னு ஒருத்தருங்ணா. சரக்கு எறக்கக் கோயமுத்தூரு வரப்பல்லாம் மண்டிக் கணக்கு பிரிண்டு எடுக்க இங்க வருவாரு. தங்கமான மனுசன். உங்களுக்குப் பழக்கமுங்களா?"

பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டேன். அதைப் போய் வாங்கிக்கொண்டு வந்தது உங்கள் தங்கை. அவளிடம் ரசாக் என்ன பேசினாரோ, வந்ததிலிருந்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குப் பொறாமைங்க" என்றாள். எனக்கா? நான் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். மூத்த மாப்பிள்ளைக்கு இருக்க வேண்டிய அக்கறைக்கு அவள் வைத்திருக்கிற பெயர் அது.

இதற்குப் பிறகுதான் தாங்கள் மயில்சாமி மாற்றித் தந்த ஃபைலை எங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். இப்போது தங்கள் கேள்விக்கு வருகிறேன். படித்தேன் என்று சொல்ல முடியாது. பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது கண் தானாக ஒரு வரியில் போய் விழுந்தது. பழைய நோட்டீஸ் ஒன்றில் "கரகம் எடுத்து வரும் பெண்கள்" என்று இருந்ததை மிஷின் "காகம் எடுத்து வரும் பெண்கள்" என்று மாற்றியிருந்தது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். மேலே போனேன். "அம்மன் பாதமே சரணம்" என்பது "அம்மன் பாதமே சாணம்" என்று ஆகியிருந்தது. "மளிகைச் சரக்கு" எல்லாம் "மளிகைச் சாக்கு" ஆகியிருந்தது. அதே நோட்டீசின் நன்கொடையாளர் பட்டியலில் தங்கள் தாயார், என் மாமியார் நாகரத்தினம் அம்மாளை "நரகரத்தினம்" என்று போட்டிருந்தது. அதைப் பற்றி நான் எந்தக் கருத்தும் சொல்ல மாட்டேன்.

மச்சான், அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. வெகுநாள் கழித்து ராகிக் களியை இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "ஏனுங்க, தனியா உக்காந்து எதுக்குச் சிரிக்கறீங்க?" என்று உங்கள் தங்கை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். திருத்தியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். அது திருத்தக்கூடிய ஃபைல்தான். விரலால் தொட்டு ஒரு எழுத்தை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் மாற்றிவிட்டால் அது பிழையே இல்லாத ஃபைலாகிவிடும், அந்தப் பெயரும் அவருக்கே போய்விடும். மலர்க் குழு மறுபடி கூடும், அப்போது எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதற்கு ஒரு சிறிய முன்னுரைகூட எழுதியிருந்தேன்.

குழு கூடவில்லை. நேரம் போதாது என்று தாங்கள், அந்தப் பழைய நோட்டீசில் தேதியை மட்டும் மாற்றி இந்த வருஷத்து நோட்டீசாக மயில்சாமி கையில் கொடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டீர்கள். அது அச்சாகி, கோயில் மதிலிலும் பஸ் ஸ்டாப்பிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டப்பட்ட பிறகுதான் எனக்கே தெரியும். மற்றதெல்லாம் தங்கள் கண்ணெதிரே நடந்தது. ஆனாலும் கரகம் எடுக்கும் பெண்களுக்கெல்லாம் மூத்தவரான மாரியாத்தாள் எனக்குப் போன் செய்தது தங்களுக்குத் தெரியாது.

"ஏனுங் தம்பி, கோயமுத்தூருத் தம்பிதானுங்களே? இத்தன வருசமா கரகம் எடுத்துப்போட்டு இப்பக் காக்காயை எங்கீங்க போய்ப் புடிக்கறது? புடிச்சாலும் அது தலையில நிக்குமுங்களா?"

"அம்மா, அது அச்சுப் பிழைங்க. கரகமேதானுங்க."

"அப்புடீங்களா? எம்பட மருமக கூண்டு வாங்கப் பஜாருக்குப் போயிட்டாளுங்களே!"

அதற்குள் வாத்தியார்பட்டி மாட்டுப் பண்ணைக்காரர், அம்மன் பாதத்துக்குச் சாணம் கேட்டிருக்கிறார்கள் என்று, பட்டியில் கிடந்ததை எல்லாம் டிராக்டரில் அள்ளிக்கொண்டு வந்து கோயில் வாசலில் கொட்டிவிட்டாராம். "புண்ணியமுங்க, இன்னொரு லோடு வேணும்னாலும் சொல்லுங்க" என்றாராம். அன்னதானத்துக்கு மளிகைச் சாக்கு தருவோர் தரலாம் என்று போட்டிருந்ததால் கடைவீதிக்காரர்கள் வெறும் சாக்குகளைக் கட்டுக் கட்டாக அனுப்பியிருந்தார்கள். அரிசியோ பருப்போ ஒரு மணிகூட வரவில்லை. சாக்கு மட்டும் கோயில் மண்டபம் கொள்ளாமல் வந்ததாம். மாமியார் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பெயரை இப்படிப் போட்டவன் யார் என்று வீதி முனையில் நின்று கேட்டது கோவை வரைக்கும் எனக்குக் கேட்டது.

இதற்கெல்லாம் மயில்சாமி தலைகுனிவார் என்று நான் காத்திருந்தேன். ஆனால் ஊரில் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. காரணம் என்ன என்று நோட்டீசின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில், கட்டம் கட்டி, "எழுத்துப் பிழை திருத்தி உதவியவர்: தமிழ்ச் செம்மல் கோவை தனபால்" என்று இருந்தது. பட்டம் வேறு! எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், மரியாதைக்காக அவர் போட்டிருக்கிறார். மிஷினில் மாற்றிய தன் பெயரை எங்கேயும் போடவில்லை. நோட்டீஸ் முழுவதிலும் பிழையே இல்லாமல் வந்த ஒரே வரி என் பெயர் இருக்கிற அந்த வரிதான்.

உங்கள் தங்கையிடம் போய், "பாத்தியா, என்னை எப்படி மாட்டி உட்டுட்டான் உன்ற மயிலுத் தம்பி" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்குத் தனியா உக்காந்து சிரிச்சீங்களே, அது இதுக்குத்தானுங்களா?"

நான் கீழே விழுந்த கீரைத் தண்டைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அவரு உங்க மேல மரியாத வெச்சு உங்க பேரப் போட்டாரு. நீங்க தப்பப் பாத்துப்போட்டுச் சும்மா இருந்தீங்க. எங்கம்மா நடுவீதியில நின்னு அழுதாங்க, தெரியுமுங்களா? கோவமில்லீங்க, அழுதாங்க." இவ்வளவுதான் பேசினாள். அதற்குப் பிறகு ரசத்துக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை. மாமியார் அழுதது எனக்குத் தெரியாது, மச்சான். தெரிந்திருந்தால்... சுற்றறிக்கையில் இதற்கெல்லாம் வாசகம் கிடையாது. அவர்கள் காலில் விழ அடுத்த வாரம் நான் வருகிறேன்.

ஆகவே தங்கள் சமூகத்திற்கு நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பிழைக்குக் காரணம் மிஷின். மிஷினைக் கொண்டுவந்தது மயில்சாமி. மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதிலிருந்து அவரை முழுவதுமாக விலக்கிவிடுங்கள். அவர் மாற்றிய பக்கங்களையும் மூல ஸ்கேன் படங்களையும் மொத்தமாக என்னிடம் ஒப்படையுங்கள். வெப்சைட்டும் வேண்டாம், பிரவுசரும் வேண்டாம். ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டி, நானே படித்து, நானே திருத்தித் தருகிறேன். சகலை என்பதற்காக முகம் பார்க்க வேண்டாம். மஞ்சள் விற்பதில் அவர் கெட்டிக்காரராக இருக்கட்டும், தமிழில் அவருக்கு என்ன வேலை? இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பைத் தங்களிடம் விடுகிறேன். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளர என் ஆசி. வாழை இந்த வருஷம் காற்றுக்குச் சாயாமல் தார் தள்ளட்டும். மாமியாருக்கு என் நமஸ்காரத்தைத் தாங்கள் முதலில் சொல்லி வையுங்கள், நான் வந்து நேரில் சொல்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் அன்பை என்றும் நாடும்,
மூத்த மாப்பிள்ளை
தனபால்

பின்குறிப்பு: மச்சான், மேலே நான் கேட்ட எதையும் தயவுசெய்து செய்துவிட வேண்டாம். கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தங்களுக்குக் கையெழுத்துப் படிக்கச் சிரமம் என்று, உங்கள் தங்கை பக்கங்களைப் படம் எடுத்து, பெரிய எழுத்தாக மாற்றித் தரச் சொல்லி மயில்சாமிக்கே அனுப்பியிருக்கிறாள். படிக்காமல்தான் அனுப்பினாளாம். நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது போன் அடித்தது.

"அண்ணா, மயிலு பேசறனுங்க. கடுதாசிய மாத்திப்போட்டனுங்க. உங்க கையெழுத்து நொம்பச் சுத்தமுங்க, ஒரு எடத்துலகூட மாறல. இந்தவாட்டி நானே எழுத்துக்கூட்டிக் கடைசி வரைக்கும் படிச்சுப் பாத்தனுங்க."

நான் துண்டோடு நின்றேன். "மயிலு, அது வந்து..." என்றேன்.

"இல்லீங்ணா, நீங்க எழுதுனது நாயமுங்க. நான் ஊட்டியில இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல படிச்சவனுங்க, தமிழு தடுமாறும். நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சு உங்க பேரப் போட்டுட்டனுங்க. கேட்டுப்போட்டுப் போட்டிருக்கோணும். அத்தைகிட்டப் போயி, தப்பு என்னுதுன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டனுங்க. இப்ப மலர்ப் பக்கம் பூராத்தையும் உங்களுக்கு அனுப்பிச்சாச்சுங்க. நீங்களே பண்ணுங்ணா, அதுதான் மொறை."

பார்த்தால் மடிக்கணினியில் பக்கங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆடி இல்லை, அடுத்த ஆடிக்கும் இது முடியாது. "மயிலு, நீ நாளைக்கே பொறப்பட்டு வா சாமி" என்று கெஞ்சினேன். "வாரனுங்ணா" என்றார். அவர் மாற்றுவார், நான் படிப்பேன் என்று பேசி முடித்திருக்கிறோம். மலரில் அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். என் பெயருக்கு மேலேயே போடட்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனையும் படித்துவிட்டு அந்த மனிதருக்குக் கோபம் வரவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவர் மன்னித்து முடித்துவிட்டார். இதிலும் என்னை முந்திக்கொண்டால் எப்படி மச்சான்?